ஒரு வாய்தாவின் விலை 650 ரூபாய்

மேகமலையில் காலை பஸ் ஏறி, 18 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சின்னமனூரில் பஸ் மாறி உத்தமபாளையம் கோர்ட்டுக்கு வரும் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய கூலி கிடையாது. 'வாய்தா' என்ற ஒரு சொல்லோடு மாலையில் மலை ஏறுவார். கொடுத்த கடனைக் கேட்டு வழக்கு நடத்தி ஜெயித்தாலும், அந்தக் கூலி பெரும்பாலும் திரும்புவதில்லை. ஏன் என்பதைக் கணக்காகவே பார்ப்போம்.

புரோநோட்டின் பேரில் வட்டியோடு 2,00,000 ரூபாய் கேட்டு வழக்கு என்று வைத்துக்கொள்வோம். கோர்ட் ஸ்டாம்ப் தொகை சட்டப்படி உள்ளது; மற்ற தொகைகள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை.

கோர்ட் ஸ்டாம்ப், 3 சதவீதம்: 6,000
வக்கீல் நோட்டீஸ், தபால்: 1,500
தட்டச்சு, நகல், பேட்டா: 1,500
வக்கீல் பீஸ்: 20,000
பஸ், சாப்பாடு, 24 வாய்தா × 200: 4,800
போன கூலி, 24 வாய்தா × 450: 10,800
மொத்தம்: 44,600

கேட்ட தொகையில் இது 22.3 சதவீதம்.

தமிழ்நாட்டில் 2017 வரை பண வழக்குக்கு ஸ்டாம்ப் 7.5 சதவீதம். இதே வழக்குக்கு 15,000 கட்டியிருக்க வேண்டும். அரசு 3 சதவீதமாகக் குறைத்ததில் 9,000 மிச்சம். ஆனால் பயணமும் கூலியும் சேர்ந்து 15,600. பழைய ஸ்டாம்பைவிட 600 அதிகம். சட்டம் ஒரு கையால் தந்ததை வாய்தா மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது.

'செலவுத்தொகையுடன் டிக்ரி' என்று தீர்ப்பு வந்தால் எது திரும்பும்? டிக்ரியின் கடைசியில் உள்ள சின்னக் கட்டத்தைப் பாருங்கள்: ஸ்டாம்ப், வக்காலத்து, பேட்டா, வக்கீல் பீஸ். ஸ்டாம்ப் முழுதாக வரும். வக்கீல் பீஸ் நீங்கள் கொடுத்த 20,000 அல்ல, விதி அனுமதிக்கும் அளவுதான். கட்டணச் சான்றிதழ் தாக்கலாகாவிட்டால் அந்த வரியே காலி. நோட்டீஸ், தட்டச்சு, சாட்சிச் செலவுகளைச் சேர்க்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20ஏ கட்டளை இடம் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும். கூலிக்கு அந்தக் கட்டத்தில் வரியே இல்லை.

இருந்திருக்க வேண்டும். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், செலவு என்பது நியாயமான உண்மைச் செலவாக இருக்க வேண்டும், ஜெயித்தவர் செலவழித்த நேரமும் பயணமும் தங்கலும் அதில் சேரும் என்றது. நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு அது.

அதற்காக வானளாவக் கேட்கவும் முடியாது. டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டில் 45 லட்சத்துக்கும் மேல் செலவுத்தொகை விதித்தபோது, விதிகளை மீறி அப்படிப் போட முடியாதென்று 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அது சரிதான். தோற்றவரும் ஏலக்காய் விலை விழுந்து நொடித்தவராக இருக்கலாம். செலவுத்தொகை தண்டனை ஆகக் கூடாது. பொய் வழக்குக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தில் தனியாக 35ஏ பிரிவு இருக்கிறது. ஆனால் அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1922-ல் 1,000 என்று வைத்ததை 1976-ல் மும்மடங்காக்கியதோடு சரி. நம் கணக்கில் அது ஐந்து வாய்தாவுக்குக்கூடக் காணாது.

ஆகவே செலவைத் தீர்ப்பு நாளில் மொத்தமாகத் தேடாமல் அன்றன்றே முடிப்பதுதான் வழி. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது, வாய்தாவால் எதிர்த்தரப்புக்கு ஆகும் செலவுக்கு உத்தரவிட வேண்டும் என்று 17-ஆம் கட்டளை சொல்கிறது. தாமதப்படுத்தியவர் அந்த நாள் செலவைக் கட்டிய பிறகே வழக்கைத் தொடரலாம் என்று நிபந்தனை போட 35பி பிரிவு வழி தருகிறது. வாய்தா கேட்பவர் 200-ம் 450-ம் சேர்த்து 650 ரூபாயை அன்றே வைத்தால், வாய்தா கேட்க யோசிப்பார்.

சமரசத்துக்கும் கணக்கு உண்டு. தரப்பினர் வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் கட்டிய ஸ்டாம்ப் முழுவதும் திரும்பும் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மலையிலிருந்து வரும் வாதிக்கு ஒரு வேண்டுகோள். பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீர்கள். தேதி, செலவு, போன கூலி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, தீர்ப்புக்கு முன்பே வக்கீலிடம் கொடுத்துச் செலவுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதிக் கேட்காத கூலியை எந்த நீதிபதியும் தர முடியாது.