பதினேழாம் நம்பர் வரவில்லை!

வாத்தியார் உத்தியோகம் என்றால் சுகமான உத்தியோகம் என்று நினைப்பவர்கள் நம்மில் அநேகம் பேர். "காலையில் போனால் சாயங்காலம் வீடு. கோடை விடுமுறை வேறே! கொடுத்து வைத்தவர்கள்!" என்று பெருமூச்சு விடுகிறோம். நாமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தோம், 2024 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும் ஓர் ஆசிரியையின் பின்னாலேயே அலைந்து பார்க்கிற வரையில்.

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர் செல்லும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையோடு நடந்தால் அந்த ஊர் வரும். சுற்றிலும் சீமைக் கருவேலங்காடு. ஊர்ப் பெயரும் தம் பெயரும் போட வேண்டாம் என்று தலைமை ஆசிரியை கேட்டுக்கொண்டார். 'தலைமை' என்றதும் பெரிய பட்டாளம் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். அவருக்குக் கீழே இருப்பது ஒரே ஓர் ஆசிரியர்! பிள்ளைகள் 37 பேர், வகுப்புகள் ஐந்து. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பை இரண்டு பேருக்கு எப்படிப் பங்கு போடுவது என்று சட்டத்தைப் போய்க் கேட்க முடியுமா?

காலை எட்டு மணி

டீச்சர் உள்ளே நுழையும்போதே கிச்சடி மணம் வரவேற்கிறது. மகளிர் குழுப் பெண்கள் சமைத்து இறக்கியிருக்கிறார்கள். டீச்சர் ஒரு கரண்டி வாங்கி ருசி பார்க்கிறார். "உப்பு சரி" என்று தீர்ப்பு ஆனதும் தட்டுகள் நிரம்புகின்றன. டீச்சரின் கண்கள் மட்டும் வாசற்பக்கமே போய்ப் போய்த் திரும்புகின்றன.

மணி அடிக்கிறது. வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். பதினேழாம் நம்பருக்கு நேரே மூன்றாம் நாளாகச் சிவப்பு மை.

பதிவேட்டோடு முடிந்ததா? கைப்பேசியிலும் வருகையைப் பதிய வேண்டும். கைப்பேசிக்கோ சிக்னல் வேண்டும். சிக்னலோ வேப்பமரத்தடிக்குப் போனால்தான் கிடைக்கும். நல்லவேளை, மரத்தின் மேல் ஏற வேண்டியதில்லை!

அரும்பு, மொட்டு, மலர்

முதல் மூன்று வகுப்புகளும் டீச்சர் பொறுப்பு. மூன்றும் ஒரே அறையில். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்ப 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளைகளை வகுப்பு பார்த்துப் பிரிப்பதில்லை. என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். அரும்புக்குப் பாட்டு, மொட்டுக்கு அட்டை, மலருக்குப் புத்தகம். ஒரு மூலையில் 'ஆனா, ஆவன்னா'. இன்னொரு மூலையில் கழித்தல் கணக்கு. நடுவில், "டீச்சர், இவன் என் ரப்பரைக் கடிச்சுட்டான்!" என்று ஒரு வழக்கு. எல்லாவற்றுக்கும் நீதிபதி ஒருவரே!

"அந்தப் பதினேழாம் நம்பர் மூணாம் வகுப்பு, ஸார். போன மாசந்தான் மொட்டிலிருந்து மலருக்கு வந்தான். தானாகவே ஒரு கதையைப் படித்து முடித்தான். இப்போது கிடைக்குப் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது" என்றார் டீச்சர்.

கிடை என்றால் என்னவென்று தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பா அறுவடை ஆனதும் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு அங்கே போவார்கள். ராத்திரிக்கு வயலில் ஆடுகளை மடக்கிப் போட்டால் நிலத்துக்கு எரு, ஆட்டுக்காரருக்குக் கூலி. கோடை முழுதும் வயலுக்கு வயல் மாறிக்கொண்டே இருப்பார்கள். கூடவே பிள்ளைகளும்.

"இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் அப்படிப் போனாள். திரும்பி வந்தபோது தன் பெயரையே எழுத மறந்துவிட்டாள்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானச் சோறு

பன்னிரண்டரை மணிக்கு சாம்பார் சாதம், முட்டை. 1920-ல் சென்னை நகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தார்கள். 1956-ல் காமராஜர் அதை மாநிலத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு வருஷம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்து சேர்ந்தது. இதெல்லாம் சரித்திரம் என்றுதான் அப்போது நினைத்தோம். சாயங்காலம் அந்தச் சரித்திரமே டீச்சருக்குச் சாட்சி சொல்ல வரும் என்று யார் கண்டது?

சாயங்காலம்

கடைசி மணி அடித்ததும் வீட்டுக்குப் போக வேண்டியவர், வேறு பக்கம் நடந்தார். ஓட்டு வீட்டின் வாசலில் மூட்டை முடிச்சுகள். பையன் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"படிக்க வேணாம்னு நான் சொல்லலே, டீச்சரம்மா," என்றார் தகப்பனார். "நானும் அவுக ஆத்தாளும் கிடைக்குப் போயிட்டா இவனுக்கு ஆக்கிப் போட ஆளு யாரு? அப்பத்தாவுக்குக் கண்ணு மங்கல். மூணு வேளையும் அடுப்படியிலே நிக்க முடியுமா?"

டீச்சர் சட்டம் பேசவில்லை. விரலை விட்டு எண்ணினார். "காலையில் பள்ளிக்கூடம். மத்தியானம் பள்ளிக்கூடம். ராத்திரி ஒரு வேளைதானே, அண்ணே? லீவு நாளைக்கு நம்ம வீட்டுக்கு அனுப்பிடுங்க. ஏப்ரலில் முழுப் பரீட்சை முடிஞ்ச மறுநாள் நானே பஸ் ஏத்தி அனுப்புறேன்."

தகப்பனார் பதில் சொல்லவில்லை. திண்ணையில் இருந்த கிழவிதான் வாயைத் திறந்தாள்: "ஒரு வேளைக் கஞ்சி காய்ச்ச எனக்குக் கண்ணு எதுக்குடா? கை பழகின அடுப்புத்தானே!"

அதற்கும் மகன், "பாப்போம்" என்றார். அவ்வளவுதான். டீச்சர் கடைசி பஸ்ஸைப் பிடித்தார், நாமும்தான்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு நமது தொலைபேசி ஒலித்தது. வேப்பமரத்தடியிலிருந்து டீச்சரின் குரல்!

"ஸார், பதினேழு வந்தாச்சு! இரண்டு தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டான்!"

"ரொம்ப சந்தோஷம், டீச்சர்!" என்றோம்.

"சந்தோஷப்பட நேரமில்லை, ஸார். இன்றைக்கு இருபத்து மூன்றாம் நம்பர் வரவில்லை. சாயங்காலம் அங்கே போக வேண்டும்!"