ஒரே தாங்கி, இரண்டு உறைகள்

நான் வேலைசெய்யும் சொக்லேற் தொழிற்சாலையில் சில இரவுகளில் உறை மாற்றுவோம். இயந்திரத்தை நிறுத்தி, பழைய சுருளைக் கழற்றி, மூலையில் முத்திரை பதித்த புதிய சுருளைப் பூட்டுவது என் வேலை. தாங்கியிலிருந்து வரும் சொக்லேற் குழம்பு மாறுவதில்லை. முதன்முறை கண்டபோது களவென்றே நினைத்தேன். களவல்ல, விதி.

'நிறைச் சமநிலை' என்பது இக்கணக்குமுறையின் பெயர். சான்றுபெற்ற 100 தொன் கொக்கோவை வாங்கியவர், அது எந்தக் குவியலோடு கலந்தாலும், அந்த அளவுக்குரிய பண்டத்தை முத்திரையுடன் விற்கலாம். இதில் நியாயமும் உண்டு. சிறு கமக்காரரின் விளைச்சலைப் பிரித்துக் கப்பலேற்றிப் பிரித்தே அரைப்பதென்றால் அச்செலவைச் சிறு சங்கங்கள் தாங்கா. எனவே கலப்பைப் பற்றி எனக்கு முறைப்பாடில்லை. என் பிரச்சினை முத்திரைக்குப் பின்னாலுள்ள கணக்கு.

உலகக் கொக்கோவில் அரைவாசிக்கு மேல் ஐவரி கோஸ்ற், கானா ஆகிய இரு நாடுகளில், சில ஹெக்டேயர் மட்டுமே உள்ள குடும்பங்களால் விளைவிக்கப்படுகிறது. 3 ஹெக்டேயரில், ஹெக்டேயருக்கு 400 கிலோ என்று வைத்தால், ஆண்டுக்கு 1.2 தொன். ஃபெயார்ட்ரேட் 2019இல் கூட்டிய மேலதிகத் தொகை தொன்னுக்கு 240 டொலர். முழுவதும் முத்திரையின்கீழ் விற்பனையானாலும் 288 டொலர்தான். (முழுவதும் அப்படி விற்பனையாவது அபூர்வம்.) அதுவும் சங்கத்துக்கே போகிறது.

2017 ஏப்ரலில், உலகச் சந்தை சரிந்தபோது, ஐவரி கோஸ்ற் அரசு கமக்காரருக்கான விலையைக் கிலோவுக்கு 1,100 பிராங்கிலிருந்து 700 ஆக வெட்டியது. தொன்னுக்கு 600 டொலருக்கு மேற்பட்ட இழப்பு. அன்றைய மேலதிகத் தொகை 200 டொலர். ஃபெயார்ட்ரேட்டிலாவது குறைந்தபட்ச விலையென்று ஒன்று உண்டு. றெயின்ஃபொறெஸ்ற் அலையன்ஸ் முத்திரையில் அதுவும் கிடையாது.

'நிலைபேறு' என்று இவர்கள் சொல்லும்போது எது நிலைபெறவேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. மரங்கள் கிழடாகி, வைரஸ் நோயும் பிடித்த தோட்டத்தில் மறுநடுகை செய்தால், காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்கு முதலில்லாதவர் காட்டை வெட்டிப் புதுமண்ணில் நடுகிறார். காடழிவின் ஒரு பெரிய காரணம் இது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், 2020 முடிவுக்குப் பின் காடழித்த நிலத்துக் கொக்கோவை விலக்குகிறது. ஒவ்வொரு தோட்டத்தின் அகலாங்கு நெட்டாங்கும் கேட்கிறது. காடு காக்கப்படவேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் சட்டம் தோட்டத்தைக் கேட்கும் அளவுக்கு விலையைக் கேட்கவில்லை. நாமும் ஒருகாலம் விசாரணை அதிகாரியின் முன் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் இருந்தவர்கள்தானே; ஆவணம் எப்போதும் யாரிடம் கேட்கப்படுகிறது என்பதை இவ்வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

முன்பு பொருளாதாரம் படிப்பித்த பழக்கதோஷத்தால், போன மாதம் எங்கள் மேற்பார்வையாளரிடம் கொக்கோவுக்குத் தொன்னுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். நல்ல மனிதர். சிரித்துவிட்டு, அது வியாபார இரகசியம் என்றார்.