பல் துலக்கும் பராய்

தாய்லாந்தில் 'கோய்' என்றொரு மரம் உண்டு. வெட்டி வளைத்தால் சொன்னபடி கேட்கும். அதனால் கோயில் முற்றங்களில் உருண்டை உருண்டையாகக் கத்தரித்து வளர்ப்பார்கள். அதன் பட்டையை ஊறவைத்து இடித்துச் செய்த காகிதத்தில் அந்நாட்டின் பழைய மடிப்பு ஏடுகள் பல எழுதப்பட்டன. கிராமத்தாருக்கோ அது பல்குச்சி. கொம்பை ஒடித்து, நுனியை மென்று நாராக்கித் தேய்ப்பார்கள். பல்வலி வந்தால் பட்டையை உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, சூடு ஆறியதும் வாய் கொப்பளிப்பார்கள்.

நமக்கும் அது அறிமுகமான மரம்தான். பராய் என்போம், பிராய் என்றும் சொல்வதுண்டு. திருச்சியை அடுத்த திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்த தலமரம் இதுவே. இலையைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். கிள்ளிய காம்பில் பால் துளிர்க்கும்.

பல்லைச் சுத்தம் செய்வது குச்சியின் நார் மட்டும்தானா, சாற்றுக்கும் பங்கு உண்டா? கோன்கேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலையைப் பாதி எத்தனால், பாதி தண்ணீரில் ஊறவைத்துச் சாறெடுத்து, பலவகைக் கிருமிகள் மீது சோதித்தார்கள். அவற்றில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்துக் காட்டிய கிருமி இது. நாம் தின்னும் சர்க்கரையைக் கொண்டு ஒட்டும் பசையைச் செய்து பல்லில் குடியேறும். அதே சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். இலைச்சாறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளைக் கொன்றது, குறிப்பாக மியூட்டன்ஸை. எதிர்ப்பட்டதையெல்லாம் அழிக்காமல் ஆள் பார்த்து அடிக்கிறதே, அதுதான் என்னை வியக்கவைக்கிறது. வாயில் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் வாழ்கின்றன அல்லவா?

ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, வாய் வேறு. வாயில் கிருமிகள் தனித்தனியாக நிற்பதில்லை. பசைக்குள் அடுக்கடுக்காகப் பதுங்கியிருக்கின்றன. ஊற்றிய மருந்தையும் எச்சில் நொடிக்கு நொடி கழுவிக்கொண்டே இருக்கிறது. அதே இலைச்சாற்றை வாய்கொப்பளிக்கும் நீராக்கி ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தபோது ஈறின் அழற்சி தணிந்தது. பல்லில் ஒட்டும் படலமோ குறையவில்லை.

எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. சோதித்தது இலைச்சாறு; கிராமத்தார் மென்றது குச்சி. கொப்பளிக்கும் நீரில் சாறு இருந்தது, தேய்ப்பு இல்லை. படலத்தைச் சுரண்டி எடுக்க நார் வேண்டும். மென்ற குச்சி நுனியில் சாறும் இருக்கிறது, நாரும் இருக்கிறது.