மலைப்பனியும் வரைபின் எல்லையும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குத் தேவையான நீரில் ஏறத்தாழ 30 சதவீதம், சியரா நெவாடா மலைத்தொடரில் மாரியில் படியும் வெண்பனி உருகுவதால் கிடைக்கின்றது. கோடையில் எவருக்கு எவ்வளவு நீர் என்பதைப் பனி உருகுமுன்னரே கணித்தாக வேண்டும். எனவே பனியின் ஆழம் எவ்வாறு மாறுகின்றது என்பது அங்கு விவசாயியின் வயிற்றுப்பாட்டோடு தொடர்புடைய கேள்வியாகும்.

இம்மாற்றத்தைக் காட்டப் பாடசாலைக் கணிதத்தின் பல்லுறுப்பிச் சார்பு உதவும். ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்ப்போம். நவம்பர் முதலாந் திகதியிலிருந்து கழிந்த மாதங்களின் எண்ணிக்கையை வர்க்கித்து, ஆறிலிருந்து அவ்வெண்ணைக் கழித்து வரும் மீதியால் பெருக்கி, மீண்டும் ஐந்தால் பெருக்குவோம். விடையைச் சென்ரிமீற்றரில் பனியின் ஆழமாகக் கொள்வோம். டிசம்பர் முதலாந் திகதி 25, ஜனவரியில் 80, பெப்ரவரியில் 135, மார்ச்சில் 160. அதுவே உச்சம், அவ்விடத்தில் வரைபின் சாய்வு பூச்சியமாகின்றது. ஏப்ரலில் 125 ஆகும் ஆழம், மே முதலாந் திகதி பூச்சியமாகி விடுகின்றது. மெல்ல ஏறிச் சடுதியாக இறங்கும் இம்முப்படி வளைகோடு மலைப்பனியின் போக்கை ஓரளவு ஒத்ததே.

ஆனால் அதே கோட்டை ஜூன் வரை நீட்டினால் விடை மறை 245! நிலத்துக்கடியில் இரண்டரை மீற்றர் பனி இருப்பதாகச் சமன்பாடு கூசாமற் கூறுகின்றது. தரவுகள் முடியுமிடத்தில் அதன் அதிகாரமும் முடிந்துவிடுவதை அது அறியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பனி உருகாமலே அமுங்கி ஆழம் குறையலாம். நீரின் அளவோ மாறுவதில்லை. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை உணர்ந்து, பனியைக் குழாயாற் குத்தியெடுத்து நிறுத்துப் பார்க்கும் முறையை வகுத்தவர் நெவாடாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் சேர்ச். அவர் இலத்தீன் மொழிப் பேராசிரியர் என்பது கலைப்பட்டதாரியான எமக்குச் சற்றுப் பெருமை தரும் செய்தி.

இன்றும் அளவையாளர்கள் குழாயுடன் மலையேறுகின்றனர். 2015 ஏப்ரல் முதலாந் திகதி பிலிப்ஸ் அளவை நிலையத்தில் அவர்கள் கண்டது வெறும் புல்தரை. மாநிலம் முழுவதற்குமான பனிநீர் வழமையான சராசரியில் 5 சதவீதமாக இருந்தது. அந்த இடத்தில் நின்றவாறே ஆளுநர் ஜெரி பிரவுண் நகர நீர்ப் பாவனையை 25 சதவீதத்தாற் குறைக்கும் கட்டளையை அறிவித்தார். 2023 ஏப்ரல் 3ஆந் திகதியோ அதே நிலையத்தில் பனியின் ஆழம் 126.5 அங்குலம், மாநிலத்தின் பனிநீர் சராசரியில் 237 சதவீதம். முந்திய ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு வரைந்த எந்த வளைகோட்டிலும் இவ்விரு ஆண்டுகளையும் ஒருசேர அடக்க முடியாது.