மீட்டர் சொல்வதெல்லாம் உண்மையா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் லேபர் கேம்ப் சந்தில் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். ஊரில் எங்கள் பக்கத்துக்காரர். முகத்தில் கவலை.

"அண்ணாச்சி, தம்பியோட கம்ப்யூட்டர் அடிக்கடி அணைஞ்சு அணைஞ்சு எரியுது. உள்ள கரண்டு பத்தலையாம். போர்டையும் பவர் பெட்டியையும் மாத்தணும், 9,000 ரூவா ஆகும்னு கடையில சொல்லுதாங்க. சீட்டு எடுத்த பணம் இருக்கு. குடுத்திரலாமா?"

அந்தச் சீட்டுப் பணம் மகளின் காலேஜ் கட்டணத்திற்காக எடுத்தது என்பது எனக்குத் தெரியும். மகனோ அந்தக் கம்ப்யூட்டரில்தான் நாலு பேருக்கு விண்ணப்பம் நிரப்பி, டைப் அடித்து, வீட்டிற்கு வருமானம் கொண்டு வருகிறான். இரண்டையும் விட முடியாது. "இருங்கம்மா, நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்" என்று என் பழைய மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஏணிப்படி ஏறினேன்.

பையன் திரையைக் காட்டினான். மின்னழுத்தத்தையும் சூட்டையும் காட்டும் இலவச புரோகிராம் ஒன்றைப் போட்டிருந்தான். அதில் 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 8.06 என்று சிவப்பாக இருந்தது. கடைக்காரரும் இதைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு உடனே என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. நம் பம்பாயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடியது 1500 வோல்ட் டி.சி.யில். 2016-இல் மத்திய ரயில்வே முழுவதும் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறும் வரை என் உத்தியோகத்தின் பெரும்பகுதி அந்த டி.சி.யோடுதான் கழிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு இன்ஜினில் லைன் வோல்ட் மீட்டர் மிகவும் குறைவாகக் காட்டியது. கூரைமேல் கம்பியைத் தொடும் பாண்டோகிராஃபில்தான் கோளாறு என்று முடிவுகட்டி அரை நாள் இன்ஜினை நிறுத்தி வைத்தேன். வயதான ஃபிட்டர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "சார், அதே கம்பிக்குக் கீழே நிற்கிற பக்கத்து இன்ஜினில் எவ்வளவு காட்டுகிறது?" போய்ப் பார்த்தேன். சரியாக இருந்தது. 1500 வோல்ட்டை மீட்டர் நேராகத் தாங்காது. அதனால் பெரிய மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்திருப்பார்கள். அதன் முனை தளர்ந்திருந்தது. கோளாறு மீட்டரில், நான் தேடியது கூரையில்!

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். மதர்போர்டில் மின்னழுத்தத்தை அளக்க ஒரு சிறு சிப் உண்டு. 1990-களில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்.எம்.78 போன்ற சிப்புகளால் இது பரவலாயிற்று. இன்று பல போர்டுகளில் உள்ள சிப் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரைதான் நேராக அளக்கும். ஆகவே 12 வோல்ட்டை இரண்டு மின்தடைகளால் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். 110 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் சிப்புக்குக் கிடைப்பது 12-இல் ஒரு பங்கு, அதாவது 1 வோல்ட். திரையில் காட்டும்போது புரோகிராம் அதை மறுபடி 12-ஆல் பெருக்க வேண்டும்.

வில்லங்கம் இங்கேதான். எத்தனையில் ஒரு பங்கு என்பது போர்டுக்குப் போர்டு மாறும். போர்டைச் செய்தவருக்கு அது தெரியும். வெளியிலிருந்து வரும் புரோகிராமுக்குத் தெரியாது. அது 12-க்குப் பதில் 8-ஆல் பெருக்கினால் 12 வோல்ட் 8 ஆகிவிடும். மின்சாரத்தில் பழுதில்லை, வாய்ப்பாட்டில்தான் பழுது. சில சமயம் சிப்பின் ஒரு கால் எதனுடனும் இணைக்கப்படாமலே இருக்கும். புரோகிராம் அதற்கும் ஒரு பெயர் வைத்து ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். மைனஸ் 5 வோல்ட் என்பது 2000-களின் தொடக்கத்திலேயே விதியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதற்கும் அளவு காட்டும் புரோகிராம்கள் உண்டு!

இனி, வீட்டில் யாருக்கேனும் இப்படி நேர்ந்தால் வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. கொஞ்சம் யோசியுங்கள். உண்மையிலேயே 12 வோல்ட் 8 ஆகக் குறைந்தால் ஹார்டு டிஸ்க் சுழலாது, போர்டு உயிர் பெறாது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே 8 என்று சொன்னால், சொல்வதைச் சந்தேகியுங்கள்.

2. கம்ப்யூட்டரைத் திரும்பத் தொடங்கி பயாஸ் பக்கத்தில் பாருங்கள். அதே சிப்தான், ஆனால் போர்டைச் செய்தவரின் சரியான வாய்ப்பாடு. பையனின் போர்டில் அது 12.096 காட்டியது.

3. மல்டிமீட்டரால் அளவுங்கள். முதலில் ஒரு புது 1.5 வோல்ட் பேட்டரியை அளந்து மீட்டரையே சோதியுங்கள். மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால் அதுவும் பொய் சொல்லும். பிறகு உபயோகிக்காமல் தொங்கும் நான்கு முனை பிளக்கில் கறுப்பு ஒயரில் கறுப்பு முனையையும், மஞ்சளில் சிவப்பு முனையையும் வைத்தால் 12 வோல்ட். சிவப்பு ஒயரில் 5 வோல்ட். முனைகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது. பவர் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல், அணைத்த பின்னும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

4. விதிப்படி 5 சதவீதம் ஏற இறங்கலாம். 12 வோல்ட்டுக்கு 11.4 முதல் 12.6 வரை, 5-க்கு 4.75 முதல் 5.25 வரை. சிப்பின் ஒரு படியே கிட்டத்தட்ட 0.1 வோல்ட் ஆவதால், 12.0-க்கும் 12.1-க்கும் இடையே எண் துள்ளினால் பயப்பட வேண்டாம்.

5. கம்ப்யூட்டருக்குக் கனமான வேலை கொடுத்து மறுபடி அளவுங்கள். மல்டிமீட்டரிலேயே 11.4-க்குக் கீழ் இறங்கினால் யோசிக்காமல் பவர் பெட்டியை மாற்றுங்கள். அதில் சிக்கனம் பார்த்தால் போர்டும் போய்விடும்.

பையனின் கம்ப்யூட்டரில் சும்மா இருக்கும்போது 12.08, வேலை செய்யும்போது 12.01. பவர் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் ஏன் அணைந்து எரிகிறது?

"எப்பப்பா அணையுது?" என்றேன். பையன் யோசித்தான். "அம்மா கீழ மிக்ஸி போடும்போது, மாமா."

இரண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டு. மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினேன். உள்ளே பித்தளைத் தகடு தளர்ந்து, பிளாஸ்டிக் கருகி இருந்தது. சாதாரணப் பவர் பெட்டி மின்சாரம் அறுந்தால் சுமார் 16 மில்லி செகண்ட்தான் தாங்கும். தளர்ந்த தகடு அதற்கு மேல் ஒரு கணம் விட்டாலே கம்ப்யூட்டர் திரும்பத் தொடங்கிவிடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தீயே பிடித்திருக்கும். மரப்பலகை மாடியும் நெருங்கிய வீடுகளுமாக இருக்கும் நம் சந்துகளில் அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. 9,000 ரூபாய் கொடுத்து எல்லாம் மாற்றியிருந்தாலும் அந்தக் கருகிய போர்டு அங்கேயேதான் இருந்திருக்கும்.

புது எக்ஸ்டென்ஷன் போர்டு நல்ல தரத்தில் வாங்கிப் போட்டோம். மிக்ஸிக்குத் தனி இணைப்பு. அதற்குப் பிறகு அணையவில்லை. திரையில் இன்றும் 8.06 என்றுதான் காட்டுகிறது. "அதைச் சரிபண்ணலாமா மாமா?" என்றான் பையன். புரோகிராமில் பெருக்கும் எண்ணைத் திருத்த இடம் இருந்தால் திருத்து, இல்லையென்றால் அந்த வரியையே மறைத்துவிடு என்றேன்.

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. நானும் ஒரு நாள் அரை நாள் இன்ஜினை நிறுத்தியவன்தான். ஆனால் சீட்டுப் பணத்தை எடுத்து நீட்டுமுன், பக்கத்து இன்ஜினில் எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.