ஆல்பத்தில் ஒரு பூனை

உங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைக்கு அடியில், ஒரு பழைய ஆல்பம் இருக்கும். பிசின் காய்ந்து, பட்டர் பேப்பர் கிழிந்து, நாலு படம் தனியாகக் கழன்று கிடக்கும். தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவீர்கள். அந்த ஆல்பம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. மறதி நோய் வந்த பெரியவர் உள்ள வீட்டில் அதற்கு மருந்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இடம் கொடுக்கலாம்.

என்னடா இது, சித்த வைத்தியர் சூரணம், லேகியம் என்று எழுதாமல் போட்டோவைப் பற்றி எழுதுகிறாரே என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

நூற்றுக்கு ஏழு பேர்

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் பெரியம்மாவும் அவர்களில் ஒருவர். வயது 84. காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இருக்காது. பெற்ற மகனையே, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்.

அண்ணனுக்கு அது தாங்கவில்லை. தினமும் ஆல்பத்தைக் காட்டி, "இது யாரு, சொல்லும்மா? இதுகூடத் தெரியலையா?" என்று பரீட்சை வைப்பார். பெரியம்மா முழிப்பார். கடைசியில் அழுதுவிடுவார். அப்புறம் ஆல்பத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

ஒருநாள் நான் போயிருந்தபோது, ஆட்கள் இருக்கிற படங்களை ஒதுக்கிவிட்டு ஒரு படத்தை மட்டும் அவர் மடியில் வைத்தேன். திண்ணையில் ஒரு பூனை. அவ்வளவுதான். நான் ஒன்றுமே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் தடவினார். "மணி..." என்றார். "தண்ணி வந்தன்னிக்கு வந்துச்சு. இதுக்குப் பால் ஊத்துனீங்களா?"

மூன்று படங்கள்

'தண்ணி வந்த அன்று' என்றால் 1977 நவம்பர். புயல் மழையில் திருச்சி நகரமே வெள்ளக்காடானது. பெரியம்மா குடும்பம் அப்போது உறையூரில் இருந்தது. மாடிப்படியில் நனைந்து நடுங்கிய குட்டியைத் தூக்கி முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டவர் பெரியம்மாதான். பெரியப்பாவிடம் அக்ஃபா க்ளிக் கேமரா இருந்தது. ஒரு ரோலில் 12 படம்தான் எடுக்கலாம். அந்தக் காலத்தில் அதில் ஒன்றைப் பூனைக்குச் செலவழிப்பது லேசான காரியமா? அந்தப் பூனை வீட்டில் எத்தனை செல்லம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வால் மட்டும் புகை மாதிரி கலங்கித் தெரியும். பூனைதான் ஆடாமல் நிற்காதே!

இரண்டாவது படம் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் குடிவந்த பிறகு எடுத்தது. மொட்டை மாடியில் பெரியம்மா வடகம் காய வைக்கிறார். காலடியில் மணி. பின்னால் ராஜகோபுரம், சாரம் கட்டிய நிலையில். தேதி எழுதாவிட்டாலும் காலம் தெரிந்துவிடுகிறது. பல நூறு வருடம் மொட்டை கோபுரமாக நின்றதை 1979இல் கட்டத் தொடங்கி, 1987 மார்ச் 25 அன்று கும்பாபிஷேகம் செய்தார்கள். 13 நிலை, 236 அடி. ஸ்ரீரங்கத்துக்காரர்களின் ஆல்பத்தில் கோபுரமே காலண்டர்!

மூன்றாவது படத்தில் கோபுரம் முழுதாக நிற்கிறது. குடும்பமே மாடியில் வரிசையாக நிற்கிறது. மணி கிழடாகி, பெரியம்மா இடுப்பில் குழந்தை மாதிரி. அதற்கப்புறம் எந்தப் படத்திலும் அது இல்லை.

பூனையை மட்டும் ஏன் மறக்கவில்லை?

மறதி நோய் புதிய நினைவுகளைத்தான் முதலில் அரிக்கும். நெடுநாளைய நினைவுகள், அதிலும் பாசமும் தொடுகையும் கலந்தவை, பெரும்பாலும் கொஞ்சம் தாமதமாகத்தான் போகும். இன்னொன்று, மகனுடைய முகம் 40 வருடத்தில் மாறிவிட்டது. பெரியம்மா மனதில் இருப்பது டவுசர் போட்ட பையன். எதிரே நிற்பது நரைத்த மனிதர். பூனையோ படத்தில் இருந்தபடியே மனதிலும் இருக்கிறது.

வயதானவர்கள் பழங்கதை பேசுவது பலவீனம் அல்ல, மனதுக்குத் தேவையான வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் எழுதினார். பழைய படம், பாட்டு, பொருள் வைத்துப் பேசவைக்கும் முறை அதன் பிறகு பல நாடுகளில் பரவியது. இது நோயைக் குணமாக்காது. பலனும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் பேச்சு வரும், முகம் மலரும். 

வாசனையும் உதவும். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்றும் பெயர் உண்டு என்று கற்றேன். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து புரளும். கொல்லையில் ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணோடு பெரியம்மா கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "மணி இதுல உருளும்ப்பா!" என்றவர், தொடர்ந்து பேசினார். "சின்னவன் வாலைப் புடிச்சு இழுப்பான். நான் திட்டுவேன்." சின்னவன் என்றது அண்ணனைத்தான். பக்கத்தில் நின்ற அண்ணன் பேசாமல் உள்ளே போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அன்றைக்கு முதல் தடவையாகக் கேள்வி கேட்காமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

எப்படிக் காட்டுவது?

● மறதி என்றதும் 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, காது மந்தம் இவற்றாலும் மறதி வரும். இவற்றைச் சரிசெய்ய முடியும். முதலில் டாக்டரிடம் பரிசோதனை.

● வல்லாரைத் துவையல் நல்ல உணவுதான். அதனால் மறதி நோய் மறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

● ஒரு நேரத்தில் நாலைந்து படம், 15, 20 நிமிடம் போதும். சின்னப் படமானால் பெரிதாகப் பிரிண்ட் போடுங்கள்.

● "இது யாரு?" என்று கேட்காதீர்கள். "இது நம்ம மணி, திண்ணையில உக்காந்திருக்கு" என்று நீங்களே ஆரம்பியுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம்.

● இறந்தவர் படத்தைப் பார்த்துக் கலங்கினால், கையைப் பிடித்துக்கொண்டு வேறு படத்துக்குப் போங்கள்.

● ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். அப்படியே செல்போனில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பழைய படத்தின் பின்பக்கம் மிருதுவான பென்சிலால் பெயரும் வருடமும் எழுதுங்கள். வழவழப்பான கலர் படமானால் உறை மேல் எழுதுங்கள்.

● படத்தைப் பார்த்துவிட்டு நிஜப் பூனை வேண்டுமென்று தோன்றினால், அதற்குத் தடுப்பூசி அவசியம். கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக்கூடாது. வெறிநாய்க்கடி நோய் பூனை மூலமும் வரும்.

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் இரண்டு உவமை சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும். பூனைக் குட்டி ஒன்றும் செய்யாது. தாய்தான் அதைக் கவ்வித் தூக்கிப் போகும். வைணவத்தில் இறையருளைப் பற்றிய வாதத்துக்காக வந்த உவமை இது. எனக்கு மறதி நோயாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வருகிறது. நோயின் ஆரம்பத்தில் அவர்கள் நம்மைக் குரங்குக் குட்டி மாதிரி பிடித்துக்கொள்வார்கள். போகப்போகப் பிடி தளர்ந்துவிடும். அப்போது, "நீ ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்டுப் பயனில்லை. தூக்கிப் பிடிக்க வேண்டியது நாம்தான்.

உங்கள் ஆல்பத்திலும் ஒரு பூனையோ, நாயோ, கன்றுக்குட்டியோ இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொல்கிற பெயரைப் படத்தோடு அன்றே எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே!