'இஸ்கூல்' என்று வாசித்த பிள்ளை

எங்கள் பாடசாலையின் ஆங்கில ஆசிரியை மகப்பேற்று விடுமுறையில் போனபோது, தரம் 6 இன் ஆங்கிலப் பாடவேளைகள் என் தலையில் விழுந்தன. நான் தமிழ் சிறப்புப் பட்டதாரி. "வாசிக்கவாவது வைங்க சேர், பிள்ளைகள் சும்மா இருக்கப்படாது" என்றார் அதிபர். முதல் நாளே ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். 'இஸ்கூல்' என்றான். பின்வாங்கில் சிரிப்பு எழுந்தது. உண்மையைச் சொன்னால், நானும் உதட்டோரமாகச் சிரித்துவிட்டேன். அதை அவன் பார்த்துவிட்டான்.

பிறகு மூன்று வாரம் அவன் வாய் திறக்கவில்லை. கேட்டால், "எனக்கு ஏலா சேர்" என்பான். அவ்வளவுதான்.

சிங்களத்தில் ஆங்கிலத்தைக் கேலியாகக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று பொருள். இல்லாதவனை வெட்டுவதற்கு இருக்கிறவன் வைத்திருப்பது. அன்று அந்த வாளைப் பிடித்திருந்தவன் நான்தான். அதிலும் நான் சிரித்திருக்கவே கூடாது. உயர்தர வகுப்பில் மொழிமுதல் எழுத்துகளைப் படிப்பிக்கிறவன் நான். தமிழ்ச் சொல் தனிமெய்யில் தொடங்காது. ரகரமும் லகரமும் முதலில் வரா. அதனால்தான் ரத்தினம் இரத்தினமானது. நமது காப்பியங்களில் ரஸூல் 'இறசூல்' ஆனதும் அதே விதியால்தான். புலவர் செய்தால் மரபு என்கிறோம், பதினொரு வயதுப் பிள்ளை செய்தால் சிரிக்கிறோம்.

இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் கொப்பிகளில் நான் சிவப்பால் வெட்டிய பலவும் வேறாகத் தெரிந்தன. 'மை நேம்' என்று எழுதி, 'இஸ்' இல்லாமல் பெயரைப் போட்டிருந்தார்கள். 'என் பெயர் இன்னது' என்பதில் வினைச்சொல் எங்கே இருக்கிறது? 'மேசை மேல்' என்று பின்னால் வைத்துப் பழகிய பிள்ளை 'டேபிள் ஒன்' என்றுதான் முதலில் எழுதும். இது விளங்காமையால் வருவதல்ல. உள்ளே தமிழ் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கரும்பலகையில் தமிழ் வசனத்தையும் ஆங்கில வசனத்தையும் மேலும் கீழுமாக எழுதி, எந்தச் சொல் எங்கே இடம் மாறியது என்று அவர்களையே கோடு போடச் சொன்னேன். அன்றைக்குத்தான் வகுப்பில் முதல் முறையாகச் சத்தம் வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் உச்சரிப்பில் கிடைத்தது. 'திங்க்', 'த்ரீ' என்று நாம் சொல்லும் சொற்களின் முதலொலி தமிழில் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது! அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸாவில் மக்ரஜ் பார்த்து ஓதுகிறார்களே, அங்கே 'தா'வுக்கு அடுத்து வரும் மூன்று புள்ளி எழுத்துக்கு நாக்கு நுனியை மேற்பல்லின் விளிம்பில் வைக்கச் சொல்கிறார் மௌலவி. அதே இடம்தான். 'திஸ்', 'தட்' என்பவற்றுக்கு 'தாலு'க்கு அடுத்துப் புள்ளியோடு வரும் எழுத்து. 'ஃபிஷ்' என்பதற்கு 'ஃபா' இருக்கிறது. ஒலி பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியமும் பிறப்பியல் என்று தனியாகவே வைத்துப் பேசுகிறது. நான்தான் பட்டம் எடுத்தபிறகு அதைப் பரீட்சைக்கு வெளியே எடுக்கவில்லை. குளிப்பதைச் சொல்லும் 'பாத்'தும் பாதையைச் சொல்லும் 'பாத்'தும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். "முதலாவதுக்கு பிஸ்மியில் வாற ப, மற்றதுக்குப் பழத்தில வாற ப" என்றேன். வகுப்பு முழுதும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிவைப்பதையும் நான் தடுக்கவில்லை. அறபெழுத்தில் தமிழை எழுத, இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்து அறபுத்தமிழை உண்டாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குப் போவது நமக்குப் புதிதா? பிடிமானம் வந்ததும் அவர்களே அழித்துவிடுகிறார்கள்.

ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்பார்கள் சில ஆங்கில ஆசிரியர்கள். அதில் பாதி நியாயம் உண்டு. எங்கள் ஊரில் பிள்ளையின் காதில் ஆங்கிலம் விழும் இடம் அந்த நாற்பது நிமிடம்தான்; அதையும் நான் தமிழால் நிரப்பினால் வேறெங்கே கேட்பது? ஆகவே விளக்கம் தமிழில் சுருக்கமாக, மற்றதெல்லாம் உடைந்த ஆங்கிலத்திலாவது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் பயத்தோடு இருக்கும் பிள்ளையிடம் முழு ஆங்கிலம் பேசியும் பயனில்லை. மொழி கற்றலை ஆராய்ந்த ஸ்டீபன் கிரஷன், அச்சமும் கவலையும் கூடிய மனதுக்குள் கேட்கிற மொழி இறங்காது என்பதை 1982 இல் வந்த தம் நூலில் விளக்குகிறார். எழுப்பிவிட்டுத் தனியே வாசிக்கச் சொல்வதை நிறுத்தினேன். முதலில் பக்கத்துப் பிள்ளையோடு, பிறகு வாங்கோடு சேர்ந்து, விருப்பம் வந்தால் தனியே. விருப்பம் வராதவரை விட்டுவிட்டேன். பரீட்சைத் தாள் எழுத்தைத்தான் கேட்கிறது, பேச்சுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு வாப்பா வந்து கேட்டார். அவர் கேட்டதும் பிழையில்லை.

அந்தப் பையன் மத்ரஸாவில் நன்றாக ஓதுகிறவன் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. ஒருநாள் அவசரத்தில் நான் 'திங்க்' என்று தமிழ்த் தகரத்தாலேயே சொல்லிவிட்டேன். வாங்கிலிருந்து மெல்லக் கை உயர்ந்தது.

"சேர், மூணு புள்ளி."